கூழ் ஊற்றுகிறவர்

கூழ் வேண்டாம் என்று சொன்ன பாக்கியநாதனைச் செண்பகம் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிற ஆள். ஊரெல்லாம் இட்லி, பூரி என்று நாஷ்டா பண்ணிக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் முந்தின நாள் காய்ச்சிய கேழ்வரகுக் கூழை மோர் விட்டுக் கரைத்து ஒரு சொம்பு நிறையக் கொடுக்க வேண்டும். கடித்துக்கொள்ள வெங்காயம், இருந்தால் சுட்ட கருவாடு. உலை முன்னால் நிற்கிறவனுக்கு வயிறு குளிர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அப்படிப்பட்டவர் ஆடி பிறந்த வாரத்தில் ஒரு காலை சொம்பை வாங்கி உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு அடுப்பு மேடையில் வைத்துவிட்டார்.

"புளிச்சிப்போச்சாய்யா?"

"இல்லமே."

"பின்ன இன்னா?"

"வாணாம். வேற எதுனா இருந்தா குடு."

வேறு எதுவும் இல்லை. வெறும் வயிற்றோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளும் அதே கதைதான்.

பாக்கியநாதன் வெளியில் வாயில்லாப் பூச்சி. தெருவில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் ஓரமாக நின்று தலையாட்டுவார். சர்ச்சில் பாட்டு நேரத்தில்கூட உதடு மட்டும்தான் அசையும். மில்லில் அவரை ஊமையன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் நுழைந்து லுங்கி மாற்றிவிட்டால் அந்த ஆள் வேறு. 'அதாவது இன்னான்னா' என்று ஆரம்பித்தாரானால் கரண்டு கட்டானதிலிருந்து காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற லாரி வரைக்கும் ஒன்றையும் விடமாட்டார். இந்த மனுஷன் இத்தனை பேசுவார் என்று வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதில் செண்பகத்துக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு. இப்போது வீட்டிலும் அந்த வாய் மூடிக்கொண்டது.

கூட வேலை பார்த்த பிகாஷ் செத்த துக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவளுக்கும் அந்தத் துக்கம் இருந்தது.

செண்பகத்துக்கு வேலை சிப்காட்டின் பின்பக்கத்து மெஸ்ஸில். ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆம்பளைகள் தகர ஷெட்டுகளில் அடைந்து கிடந்து, ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டாக வந்து சாப்பிட்டுப் போவார்கள். அவள் சப்பாத்தி தேய்ப்பாள், பருப்பு கடைவாள். பிகாஷ் அவளை 'மௌசி' என்பான். அவன் ஊரில் சித்திக்கு அதுதான் பேராம். அவள் காதில் அது மாசி என்று விழும். "மாசின்னா கருவாடுடா. நான் இன்னா கருவாடா?" என்பாள். புரிந்ததோ இல்லையோ, சிரிப்பான். "மாசி, இன்னோரு கரண்டி" என்று தட்டை நீட்டுவான். அவன் கற்றுக்கொண்ட தமிழ் அவ்வளவுதான். பாக்கியநாதன் வேலை பார்க்கிற அதே மில்லில், அதே உலையில் ஸ்கிராப்பு இரும்பு அள்ளிப் போடுகிறவன்.

அவன் குடித்துவிட்டு சர்வீஸ் ரோட்டில் போனபோது லாரி அடித்துவிட்டது என்று மில்லில் சொன்னார்கள். அந்தப் பிள்ளை பீடிகூடக் குடிக்காது. முகத்தைக்கூடக் காட்டாமல் துணி சுற்றிப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மெஸ்ஸில் அவன் தட்டு கொஞ்ச நாள் தனியாக இருந்தது. பிறகு புதிதாக வந்த ஒருவன் எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செண்பகம் வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அலமாரியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு ட்ரஸ்ட் கட்டடத்து மாடியில் நடக்கிற சின்ன ரேடியோ அது. ஆரணியாற்றைத் தாண்டினால் கரகரவென்று செத்துவிடும். காய்கறி விலை, கைவைத்தியம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டு என்று ஓட்டுவார்கள். ஞாயிறு மட்டும் 'ஷிஃப்ட்டு விட்டாச்சு' என்று ஒரு நிகழ்ச்சி. பொன்னேரிப் பெண் ஸ்நேகா நடத்துவாள். கம்பெனி பஸ் வரவில்லை, கையுறை தரவில்லை, பி.எஃப். பிடிக்கிறார்கள் கட்டுவதில்லை என்று ஒவ்வொருவரும் வந்து சொல்வார்கள். பேரை மாற்றி, குரலைக் கொஞ்சம் தடிமனாக்கிப் போடுவாள். நியூஸ் போடக்கூடாது என்று கவர்மெண்டு கண்டிஷனாம். அதனால் ஒவ்வொன்றையும் 'ஒரு நண்பரின் அனுபவம்' என்று சொல்லித்தான் ஆரம்பிப்பாள்.

அன்றைக்கு வந்த நண்பரின் குரல் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது.

"அதாவது இன்னான்னாம்மா, அந்தப் புள்ள ரோட்டுல சாவல. உள்ளதான். கூழ் காய்ஞ்சிக்கினு இருந்திச்சி. ஊத்தறதுக்கு ரெடி. மழையில நனஞ்ச சரக்க அப்படியே போடச் சொன்னாங்க. கூழ் பொங்கிடுச்சி. அவன்மேல வந்து உழுந்துச்சி. நாங்க ஆஸ்பத்திரிக்குத்தான்னு நெனச்சி தூக்கி வண்டில ஏத்துனோம். வண்டி ரோட்டுக்குப் போச்சி..."

அரிவாள்மனையை அப்படியே கவிழ்த்துவிட்டு செண்பகம் எழுந்துவிட்டாள். குரலை என்ன செய்தால் என்ன? அந்த 'அதாவது இன்னான்னா'வோடு அவள் குடும்பம் நடத்தியிருக்கிறாள். ஊருக்கே தெரிந்துபோச்சு என்று நினைத்தாள்.

வாசலில் குழாயடிக்கு வந்த பக்கத்து வீட்டு செல்வி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் குணாவும் அதே உலையில்தான் வேலை.

"யக்கா, எந்தக் கோயில்லக்கா கூழ் பொங்கிச்சாம்? ரேடியோல சொல்லிக்கினு இருந்தாங்களே. ஆடிக் கூழு ஊத்தறப்ப யாருக்கோ மேல பட்டுடுச்சாமே, பாவம்."

செண்பகத்துக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் அவர் பேசிக் கேட்டிருக்க வேண்டும். அவர்தான் வெளியே பேசியதே இல்லையே.

பாக்கியநாதன் வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"யோவ், உனுக்கு மூள கீதா? எவன் இட்டுகினு போனான் உன்ன ரேடியோவாண்ட?"

"சங்கத்து ஜெயராஜு கேட்டாரு. யாராவது ஒருத்தன் பாத்தவன் சொல்லணும்னாரு."

"அங்க இருந்தவனுங்க அத்தினி பேர்ல நீதான் கெடச்சியா?"

"மத்தவங்கள்லாம் இந்திக்காரனுங்க. தமிழ்ல சொல்ல நானும் குணாவும்தான். ரேடியோக்காரங்க வந்த அன்னிக்கு குணா ஊர்ல இல்ல. அதாவது இன்னான்னா..."

"அந்தப் பேச்ச மொதல்ல நிறுத்து!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் அடங்கிப்போனார். கொஞ்சம் கழித்து அவளே கேட்டாள். "கூழுன்ற. இன்னாய்யா அது கூழு?"

அப்போதுதான் சொன்னார். உருகின இரும்புக்கு அந்த ஷெட்டில் அதுதான் பேர். உருக்குவது காய்ச்சுவது, அச்சில் வார்ப்பது ஊற்றுவது. எவனோ ஒரு நாயுடு மேஸ்திரி ஒரு ஆடி மாசத்தில் கிண்டலாகச் சொன்னானாம், 'நம்மளும் டெய்லி கூழ்தானேடா ஊத்தறோம்' என்று. அவன் ரிட்டயராகிப் போய்விட்டான், பேர் தங்கிவிட்டது. பக்கத்து மில்லில்கூட அப்படிச் சொல்வதில்லை. பட்டறைப் பேச்சை எந்த ஆம்பளையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

செண்பகத்துக்கு அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போன சொம்பு ஞாபகம் வந்தது. ஆனாலும் அலமாரியிலிருந்து பைபிளை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இதும்மேல கை வையி. இனிமே இதப்பத்தி யாராண்டயும் வாய் தொறக்க மாட்டேன்னு சொல்லு. ராபினுக்குப் பொங்கலுக்குள்ள பர்மனென்ட்டுன்னு சொல்லிகிறாங்க. அந்த மில்லு சோறுதான்யா நம்ம நாலு தலமொறைல மொத மொத மாசச் சம்பளம். நம்ம அப்பனுங்க அடுத்தவன் கயனில குனிஞ்ச முதுக நிமிந்து பாத்ததில்ல. கெடுத்துடாத."

ராபின் அவர்கள் மகன். அதே மில்லில் ரோலிங் செக்ஷனில் ட்ரெய்னி. பாக்கியநாதன் கையை வைத்தார். தீப்பொறி பட்டுப் பட்டு வெந்த கை. அதை அந்தக் கறுப்பு அட்டையின் மேல் பார்க்க அவளுக்கே சகிக்கவில்லை.

மில்லில் அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. கூழ் என்று சொல்கிறவன் எந்த ஷெட்டுக்காரன் என்று எச்.ஆருக்கு யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஷிஃப்ட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் ஊமையன். இன்னொருவன் குணா. வாய் ஓயாதவன், கிண்டல்காரன், சங்கத்துக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறவன். யோசிக்க என்ன இருக்கிறது? வியாழக்கிழமை காலை குணாவைக் கேட்டிலேயே நிறுத்தி, அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

மத்தியானம் செல்வி வந்து செண்பகத்தின் சமையல்கட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள். தலைமுடியைக்கூட முடியவில்லை.

"பேசனவன் எவனோ, அவன் வெளங்குவானாக்கா? குரல மாத்திக்கினு பேசிட்டு பூனையாட்டம் உள்ள குந்திக்கினு கீறான். எம் புருஷன் தெருவுல நிக்கறாரு. அவன் வாய் புழுத்துதான் போவும்."

செண்பகம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நல்ல வேளை, கண்ணில் தண்ணீர் வந்ததற்கு ஒரு காரணம் கையில் இருந்தது.

"குணா 'நான் இல்ல'ன்னு சொல்லலாமில்ல? அன்னிக்கு ஊர்லயே இல்லியே."

"அதத்தான்க்கா நானும் தலபாடா அட்ச்சிக்கறேன். கல்யாணத்துக்கு சூளூர்பேட்டை போனமே, ரேடியோக்காரங்க வந்த அன்னிக்கி. பஸ் டிக்கெட்டக் கொண்டுபோய்க் காட்டுன்றேன். மாட்டேங்கறாரு. 'நான் இல்லன்னு சொன்னா அப்ப வேற யாருன்னு கேப்பாங்க, அது என்னால ஆவாது'ன்றாரு. யாருக்கா அது? இவுரு சோத்துல மண்ணப் போட்டுக்கினு காப்பாத்தற அளவுக்கு எந்த மவராசன்க்கா அவன்?"

அரிவாள்மனையில் அவள் கை நின்றது. குணாவுக்குத் தெரியும். உலை முன்னால் நின்ற தமிழர்கள் இரண்டு பேர், தான் இல்லை என்றால் மற்றவன்தானே என்று கணக்குப் போட அவனுக்கு என்ன கஷ்டம்? தெரிந்தே வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். ஊமையன் பேசிவிட்டான், பேசுகிறவன் ஊமையாகிவிட்டான். ஒன்றும் தெரியாத மாதிரி, 'எல்லாம் சரியாப் போவும் செல்வி' என்று சொல்லி ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். டீத்தூள் டப்பாவைத் திறந்துகூட விட்டாள்.

"செல்வி," என்றாள். "அது எங்க ஊட்டுக்காரரு."

செல்வி எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் அப்பனும் மகனும் ஒன்றாக வந்தார்கள். வானம் கறுத்து, பொன்னேரிப் பக்கமிருந்து காற்று தூசியை வாரிக்கொண்டு வந்தது. செண்பகம் பைபிளை எடுத்துப் பாக்கியநாதனின் மடியில் வைத்தாள்.

"சத்தியத்த நான்தான கேட்டு வாங்கனேன்? நானே திருப்பிக் குடுக்கறேன். போய் உம் பேரச் சொல்லிட்டு வாய்யா."

பாக்கியநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்த பார்வையில் இந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் நாலு நாளாகக் காத்துக்கிடந்தது தெரிந்தது. ராபினுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வீசினான்.

"நைனா, நீயா அது? எம்மா, உனுக்குத் தெரியுமா? அப்ப நான் மட்டும்தான் இந்த ஊட்ல லூசா?"

"கத்தாதடா."

"கத்தாம? இவரு பேரச் சொன்னா அடுத்த நிமிசம் என்னியும் வெளிய தள்ளுவான். ரெண்டு வருசமா அவன் காலுக்குக் கீழ கெடந்து கீறேன், ஒரு நாள் லீவு போட்டதில்ல. செத்தவன் செத்துட்டான். அவன் இன்னா நமக்கு சொந்தமா, பந்தமா?"

"என்ன சித்தின்னு கூப்ட்டான்டா," என்றாள் செண்பகம்.

"குணாண்ணன் கெட்டிக்காரரு, வேற எங்கனா சேந்துக்குவாரு. நம்மள யாரு சேப்பாங்க?"

"குணாவுக்கு இதுல இன்னாடா பொறுப்பு?" என்று பாக்கியநாதன் மெதுவாகக் கேட்டார். "அதாவது இன்னான்னா ராபினு, நானும் அதேதான் நெனச்சேன். உன்ன நெனச்சிதான் பேரச் சொல்லாம பேசனேன். இப்ப இன்னொருத்தன் பேராயிப்போச்சி."

ராபின் சொன்னதில் தப்பு என்று செண்பகத்தால் ஒன்றைக்கூட எடுத்துக் காட்ட முடியவில்லை. அதுதான் அவளை வாட்டியது. மழை பிடித்துக்கொண்டது. அவன் மழையிலேயே வெளியே போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் செண்பகத்துக்கு மெஸ்ஸில் வேலை. மாவுப் பானைக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ் ரேடியோ அவர்களுக்கு வெறும் சத்தம். ஸ்நேகாவின் குரல் வந்தது.

"ஐயா, இந்தத் தடவையும் பேரை மாத்திடலாமா?"

"வாணாம்மா." பானைக்குள்ளிருந்து வராத, சொந்தக் குரல். "எம் பேரு பாக்கியநாதன். மெல்ட்டிங் செக்ஷன். மின்ன பேசுனதும் நான்தான். குணா இல்ல. குணாவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"சொல்லுங்கய்யா."

"செத்த புள்ள பேரு பிகாஷ்."

அந்தப் பேர் வந்ததும் மெஸ்ஸில் தட்டுச் சத்தம் நின்றது. ஒருவன் கையிலிருந்த சப்பாத்தியோடு ரேடியோவைப் பார்த்தான். ஒருவருக்கும் ஒரு வாக்கியம் புரியவில்லை, பேர் மட்டும் புரிந்தது. செண்பகம் ரேடியோவைத் தூக்கி அவர்கள் நடுவில், தண்ணீர் டிரம்மின் மேல் வைத்தாள்.

"அவன் கால்ல ரப்பர் செருப்புதான். ஷூ குடுக்கல. ராத்திரி பூரா மழ. ஸ்கிராப்பு நனஞ்சி கெடந்துச்சி. காய வச்சிதான் போடணும். உள்ள தண்ணி பூந்தா வெடிக்கும், அது எங்க எல்லாருக்கும் தெரியும். டைம் இல்ல, போடுன்னாங்க. போட்டான்."

"போன வாரம் கூழ்னு சொன்னீங்களே ஐயா. நிறைய பேர் போன் பண்ணிக் கேட்டாங்க, எந்தக் கோயில்னு."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோ கெட்டுவிட்டது என்றே செண்பகம் நினைத்தாள்.

"அதாவது இன்னான்னாம்மா... நாங்க அப்டித்தான் சொல்லுவோம். இனிமே சொல்ல மாட்டேன். அது இரும்பு. கொதிக்கற இரும்பு. கூழு கூழுன்னு சொல்லிக்கினே இருந்து பயம் உட்டுப்போச்சி. பொங்குனா இன்னா, கூழ்தானே, அமுங்கிடும்ன்ற மாதிரி ஆயிட்டோம். அந்தப் புள்ளைக்கும் நாங்கதான் அந்த வார்த்தைய கத்துக் குடுத்தோம். இரும்புன்னு சொல்லிக் குடுத்திருந்தா ஒரு அடி தள்ளி நின்னுருப்பான்."

செண்பகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சுற்றிலும் யாரும் சாப்பிடவில்லை. பாக்கியநாதன் பேசி முடித்து, காய்கறி விலை வந்த பிறகுதான் ஒருவன் தட்டைக் கழுவ எழுந்தான்.

நடக்க வேண்டியதெல்லாம் தாமதமில்லாமல் நடந்தது. திங்கட்கிழமை பாக்கியநாதனைக் கேட்டில் நிறுத்தினார்கள். அன்றே ராபினை ஆபீசுக்குக் கூப்பிட்டு, ட்ரெய்னிங் முடிந்துவிட்டது என்றார்கள். இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து உலையைப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். பார்த்து என்ன எழுதினார் என்று தெரியவில்லை. போலீசில் கேஸை மறுபடி எடுக்க வைக்கிறேன் என்று ஜெயராஜ் அலைந்துகொண்டிருந்தார். குணாவை மட்டும் மறுவாரமே உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். அவன் கிளம்புகிற நேரத்தில் பாக்கியநாதன் வாசலில் நிற்காமல் உள்ளே போய்விடுவார். எதிரே பார்த்தால் குணா வண்டியை நிறுத்திவிடுவான், ஷிஃப்ட்டுக்கு லேட்டாகும் என்பார்.

ராபின் அப்பனோடு பேசுவதை விட்டுவிட்டான். ரயிலேறி அம்பத்தூர், ஆவடி என்று கம்பெனி கம்பெனியாக வேலை கேட்டு அலைந்து, இருட்டிய பிறகு வந்து, வைத்ததைத் தின்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

ஆடி கடைசி ஞாயிறு அம்மன் கோயிலில் மேளம் கேட்டது. பாக்கியநாதன் வாசல்படியில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ராபின் உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். செல்வி ஒரு தூக்குவாளியோடு வந்தாள். அன்றைக்கு எழுந்து போனவள் இப்போதுதான் இந்த வீட்டு வாசலை மிதிக்கிறாள். படிக்கு அந்தப் பக்கமே நின்றாள். செண்பகம் வெளியே வந்ததும் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"இன்னா செல்வி?"

"ஒண்ணுமில்லக்கா." அவள் முகம் கறுத்துப் போயிற்று. "இவுருக்கு வேல திரும்பக் கெடச்சா கோயில்ல ஊத்தறேன்னு வேண்டிக்கினு இருந்தேன். ஊத்திட்டேன். உங்க ஊட்டுக்கு மொதல்ல குடுக்கணும்னு எடுத்துகினு வந்துட்டேன். இங்க வந்து நின்னப்பறம்தான்க்கா நெனப்பு வந்துச்சி. எனுக்கு அறிவே இல்ல."

வாளியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே இஸ்திரிப் பெட்டி ஓய்ந்தது. செண்பகம் பாக்கியநாதனைத் திரும்பிப் பார்த்தாள். இதை வாங்கவும் முடியாது, வேண்டாமென்று அனுப்பவும் முடியாது. வேண்டுதல் கூழைத் திருப்பி அனுப்பினால் செல்வி இந்த ஜென்மத்துக்கும் வாசல்படி ஏறமாட்டாள்.

பாக்கியநாதன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். நிதானமாக, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு எழுந்து வந்து கையை நீட்டினார்.

"குடும்மா."

வாளியை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். கேழ்வரகுக் கூழ். மேலே வெங்காயம் மிதந்தது. செண்பகம் சொம்பு எடுத்து வருவதற்குள் வாளியோடு தூக்கி வாயில் வைத்துவிட்டார். தொண்டைக்குழி ஏறி ஏறி இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடாமல், பாதி வாளி குடித்தார். மீசையில் ஒட்டியதைப் புறங்கையால் வழித்துக்கொண்டார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார்.

செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த தடவை குறைச்சுப் போடுகிறேன் என்று சொல்லிக் காலி வாளிக்காக நின்றாள்.

மீதியைச் செண்பகம் இரண்டு டம்ளரில் ஊற்றினாள். தன்னுடையதைச் செல்வியின் எதிரிலேயே குடித்தாள். இன்னொன்றை உள்ளே கொண்டுபோய் இஸ்திரி மேசையில் வைத்தாள். ராபின் அதைப் பார்த்தான், வாசலில் நின்ற அப்பனின் முதுகைப் பார்த்தான், சட்டையைப் போட்டுக்கொண்டு பின்பக்கமாக வெளியேறினான். செண்பகம் டம்ளரை ஒரு தட்டால் மூடி வைத்தாள்.